மெகாண்டிக் காட்டில் ஒளிந்தவன்

இந்தப் பக்கம் தூசி தட்டி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. தீசிஸ் எழுதுறேன் பேர்வழின்னு லைப்ரரியில் உட்கார்ந்து, தேட வேண்டியதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் தேடிக்கிட்டிருந்தேன். அப்படிக் கிடைத்த ஆள்தான் டொனால்ட் மோரிசன். 1888, 89ல் பத்து மாசம் கியூபெக் அரசாங்கத்தையும் மாண்ட்ரியல் போலீஸையும் தண்ணி குடிக்க வைத்தவர். கனடாவில் 'அவுட்லா' என்று ஒருத்தரைச் சொன்னால் பழைய ஆட்கள் இவரைத்தான் சொல்வார்கள். நான் மேட்டூர்க்காரன். எங்க பக்கத்தில் காட்டுக்குள் ஒளிந்த ஆள் யார் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் மோரிசன் கதையைப் பாதியில் மூடி வைக்க முடியவில்லை.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். புரோசார்டில் எங்க வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஓடுகிற 10ம் நம்பர் ஆட்டோரூட்டைப் பிடித்துக் கிழக்கே போய்க்கிட்டே இருந்தால் ஷெர்புரூக் வரும். அதுக்கும் அப்பால், மொத்தமாக இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டினால் மெகாண்டிக் ஏரி. ஏரிக்கு அந்தாண்டை மலை, மலைக்கு அந்தாண்டை அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். 2013 ஜூலை 6ம் தேதி ராத்திரி கச்சா எண்ணெய் ஏற்றிவந்த ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்து நடு ஊரில் கவிழ்ந்து 47 பேர் செத்தார்களே, அதே லாக்-மெகாண்டிக்தான்.

1888ல் அது ஊரே இல்லை, ஊர் ஆகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம். 1879ல்தான் அங்கே ரயில் போனது. பசிபிக் ரயில்வே கம்பெனி மெய்ன் மாநிலத்துக் காட்டை வெட்டி அட்லாண்டிக் துறைமுகத்துக்குக் குறுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தது (1889ல் முடிந்தது). தண்டவாள வேலைக்காரன், மரம் வெட்டுகிறவன், வியாபாரி, இவர்களுக்கு ஹோட்டல்கள். இன்னொரு தொழிலும் ஜோராக நடந்தது. மெய்ன் மாநிலம் 1851லேயே மதுவிலக்குக் கொண்டுவந்த இடம், அமெரிக்காவிலேயே முதல் ஆள். இந்தப் பக்கம் விஸ்கி உண்டு, அந்தப் பக்கம் கிடையாது, நடுவில் காடு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? பாண்டிச்சேரி எல்லையில் இருக்கிற நம்ம மக்களுக்கு இது பாலபாடம் :-)

ஆனால் மோரிசன் சாராயக்காரர் இல்லை. கதையில் ஒரு சாராயக்காரர் வருவார், அவர் சட்டத்தின் பக்கம் நிற்பார். அதுதான் வேடிக்கை.

அந்தச் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருக்கிற லூயிஸ் தீவிலிருந்து வந்தவர்கள். பேச்சு கேலிக் மொழி. பலருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், பிரெஞ்சு சுத்தம். இவர்கள் ஏன் கடல் தாண்டி வந்தார்கள் என்று பார்த்தால் நம்ம நாட்டு அபினி குறுக்கே வருகிறது. ஜார்டின் மேத்திசன் கம்பெனி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பீகாரிலும் மால்வாவிலும் விளைந்த அபினியைச் சீனாவில் விற்றுக் கொழித்த கம்பெனி. அதன் பங்காளிகளில் ஒருவரான ஜேம்ஸ் மேத்திசன் அந்தக் காசில் 1844ல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கினார். ஆமாம், தீவை, ஆட்களோடு. 1846ல் உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம் வந்தது. மேத்திசன் கஞ்சியும் ஊற்றினார், வேலையும் கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் குத்தகை பாக்கி ஏறஏற, 1851லிருந்து 55க்குள் 2,300 பேருக்கு மேல் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். பயணச் செலவு அவருடையது. போக மாட்டேன் என்றால் நிலம் கிடையாது. 'இலவச டிக்கெட்' என்கிற வார்த்தையை நான் இனிமேல் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

அவர்களும், அவர்களுக்கு முன்னால் 1830களின் கடைசியில் வந்தவர்களும் சேர்ந்துதான் மெகாண்டிக் பக்கத்துக் காட்டை வெட்டினார்கள். ஊர்களுக்கு ஸ்டோர்னோவே, கிஸ்லா, டோல்ஸ்டா என்று விட்டுவந்த இடங்களின் பெயர்களையே வைத்தார்கள். (அதற்கு முன்னால் அது அபெனாகி மக்களின் நிலம். 'மெகாண்டிக்' என்பதே அவர்கள் மொழிச் சொல்தான். துரத்தப்பட்டவனைக் கொண்டுபோய் இன்னொருத்தன் நிலத்தில் நட்டால் அவன் குடியேறி ஆகிவிடுகிறான்.)

டொனால்ட் 1858 வாக்கில் இங்கே பிறந்தவர். வாலிபத்தில் மேற்கே போய்க் குதிரை ஏறி மாடு மேய்த்தார், கௌபாய் வேலை. ஏழு வருஷம் போல அங்கே இருந்து, அப்பாவின் பண்ணைக் கடனை அடைக்கப் பணம் அனுப்பினார். 1880களின் நடுவில் திரும்பி வந்து பார்த்தால் கடன் அடைபடவில்லை. கடன் கொடுத்தவர் மால்கம் மக்காலே, மேஜர் என்று கூப்பிடப்பட்டவர், ஊர்ப் பெரிய மனுஷன். அவரும் அதே லூயிஸ் ஜனம்தான். நான் கொடுத்தது கணக்கில் வரவில்லை என்பது மோரிசன் கட்சி. பத்திரப்படி பாக்கி நிற்கிறது என்பது மக்காலே கட்சி. கேஸ் போட்டார், வக்கீல் ஃபீஸ் தின்றது போக ஒன்றும் மிஞ்சவில்லை. பண்ணை கைமாறியது. அமீனா, ஜப்தி, ஏலம் என்று நம்ம ஊரில் எத்தனை முறை கேட்ட கதை! கடைசியில் நிலத்தை வாங்கியவர் ஓகூஸ்ட் டுகெட் என்கிற பிரெஞ்சுக்கார விவசாயி. 1888ல் டுகெட்டின் களஞ்சியம் எரிந்தது. வீட்டு ஜன்னல் வழியாகத் துப்பாக்கி வெடித்தது. பழி மோரிசன் மேல் விழுந்தது, வாரண்ட் பிறந்தது.

மோரிசனைப் பாடுகிறவர்கள் இந்த டுகெட் குடும்பத்தை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வட்டிக்கு விட்டவர்கள் இல்லை. விலைக்கு வந்த நிலத்தை வாங்கினார்கள், அவ்வளவுதான். ராத்திரி ஜன்னல் வழியாகக் குண்டு வருகிற வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

சரி, வாரண்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? உள்ளூர் ஆள் ஒருத்தனும் முன்வரவில்லை. அப்போது கையைத் தூக்கியவர் லூசியஸ் வாரன், 'ஜாக்' வாரன். அமெரிக்கர், எல்லை தாண்டி விஸ்கி கடத்துகிறவர் என்று ஊருக்கே தெரியும். அவரைத்தான் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்கள்! எல்லைப்புறத்தில் சட்டம் எப்படி வந்து இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் அந்த ஜனங்களுக்கு அரசாங்கம் என்றால் கடன் பத்திரமும் கோர்ட் செலவும்தான். முதல் முறையாக அது ஆள் உருவில் வந்தபோது சாராயம் கடத்துகிறவனாக வந்தது. வாரன் ஹோட்டலில் உட்கார்ந்து, மோரிசனை உயிரோடோ பிணமாகவோ பிடிப்பேன் என்று சவடால் அடித்துக்கொண்டிருந்தாராம்.

1888 ஜூன் 22. மெகாண்டிக் மெயின் ரோட்டில் பட்டப்பகலில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். வாரன் துப்பாக்கியை எடுக்கப் போனார் என்பது மோரிசன் தரப்பு. மோரிசன் முந்திக்கொண்டார். வாரன் அங்கேயே செத்தார். மோரிசன் காட்டுக்குள் போனார்.

இனிமேல்தான் எனக்கு முக்கியமான பகுதி. பத்து மாசம் அவர் பிடிபடவில்லை. நடுவில் ஒரு கியூபெக் குளிர்காலம் முழுசாக இருந்தது. ஒரு ஜனவரி மாசம் இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும், இந்தக் குளிரில் ஒருத்தன் தனியாகக் காட்டில் உயிரோடு இருக்கவே முடியாது. காடு அவரை மறைக்கவில்லை, வீடுகள் மறைத்தன. ராத்திரிக்கு ஒரு வீடு, சூடான சாப்பாடு, படுக்க மாட்டுக் கொட்டகை. போலீஸ் வந்து கேட்டால் எல்லாருக்கும் திடீரென்று இங்கிலீஷ் மறந்துபோகும். அதோடு லூயிஸ் ஜனங்களுக்குள் பெயர்களே நாலைந்துதான், திரும்பின பக்கமெல்லாம் டொனால்ட், மர்டோ, ஆங்கஸ். நம்ம ஊரில் நாலு முருகன் இருந்தால் கட்டை முருகன், மில்லுக்கார முருகன் என்று பட்டப்பெயர் வைப்பது போல அவர்களும் பட்டப்பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வெளியூர்ப் போலீஸ்காரனுக்கு அது எங்கே புரியும்? மோரிசன் கல்யாண வீட்டு நடனத்துக்கு வந்தார், போலீஸ் தங்கின ஹோட்டலிலேயே படுத்துத் தூங்கினார் என்றெல்லாம் கதைகள் உண்டு. எது நிஜம், எது கப்ஸா என்பதைவிட, ஒரு ஜனம் பத்து மாசமாக இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது என்பதே எனக்குப் போதும்.

ஒனோரே மெர்சியே தலைமையிலான மாகாண அரசு 1,200 டாலர் பரிசு அறிவித்தது. பிறகு 3,000. கூலிக்காரனுக்கு நாளைக்கு ஒரு டாலர் கிடைப்பதே பெரிது என்ற காலம் அது. கிட்டத்தட்ட பத்து வருஷக் கூலி. எல்லாருமே ஏழைகள், பாதிப் பேர் கடனாளிகள். ஒருத்தன்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாண்ட்ரியல் ஸ்டார் பத்திரிகையின் நிருபர் பீட்டர் ஸ்பான்யார்ட் போலீஸால் முடியாததைச் செய்தார். ஆள் மூலம் ஆள் பிடித்து, மோரிசனை நேரில் பார்த்துப் பேட்டி எடுத்துப் போட்டார். இங்கே உங்களுக்கு நக்கீரன் ஞாபகம் வரவில்லை என்றால் நீங்கள் 90களின் தமிழ்நாட்டைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அர்த்தம். அதுக்கப்புறம் கேலிக் விவசாயிகளின் தரப்பு மாண்ட்ரியல் இங்கிலீஷ்காரர்களின் காலை மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. 1889 வசந்தத்தில் நீதிபதி டுகா தலைமையில் மாண்ட்ரியலிலிருந்து பெரிய படையே வந்தது. அடைக்கலம் கொடுத்தார்கள் என்று சிலரைக் கைது செய்தார்கள். அப்படியும் நடக்காமல், கடைசியில் நீதிபதியே போய் மோரிசனைச் சந்தித்துச் சரணடையச் சொல்லிப் பேசினார். தேடப்படுகிறவனோடு பேச அரசாங்கமே காட்டுக்குப் போகிறது. 2000ம் ஆண்டு ஜூலை 30ல் காஜனூரில் ராஜ்குமாரைக் கடத்தியபோது 108 நாள் இரண்டு மாநில அரசுகளும் தூதுவர் அனுப்பிக் காத்துக்கிடந்ததை எங்க வீட்டில் சீரியல் கதை மாதிரி சொல்வார்கள்.

ஒப்பிடும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், தெரியும். மோரிசன் கொன்றது ஒருத்தரை, அதுவும் நேருக்கு நேர். வீரப்பன் கணக்கில் நூறு பேருக்கு மேல், யானைகள் தனி. 1991ல் வன அதிகாரி சீனிவாஸை, சரணடைகிறேன் என்று வரச் சொல்லிக் கொன்றதையும், 1993 ஏப்ரல் 9ல் பாலாற்றங்கரைக் கண்ணிவெடியில் 22 பேர் சிதறியதையும் வைத்துக்கொண்டு அவரை ஹீரோ ஆக்குகிறவர்களோடு எனக்கு ஒட்டு இல்லை. நான் ஒப்பிடுவது ஆட்களை இல்லை, அவர்களைச் சுற்றியிருந்த ஊர்களை. வீரப்பன் பிறந்த கோபிநத்தம் கர்நாடகாவில் இருக்கிற தமிழ் பேசும் ஊர். லூயிஸ் ஜனம் மாதிரியே ஆட்சி மொழி ஒன்று, வீட்டு மொழி ஒன்று. எல்லைக்கோடு காட்டுக்குள் எங்கே ஓடுகிறது என்று மரத்துக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டினால் போலீஸ் வேறு. அரசாங்கம் என்றால் ஃபாரஸ்ட் கார்டு, அதுக்கப்புறம் அதிரடிப்படை.

இரண்டு இடத்திலும் மௌனம் இருந்தது. ஆனால் ஒரே மாதிரி மௌனம் இல்லை. மெகாண்டிக்கில் அது பாதி பாசம், பாதி ரோஷம். எங்க பக்கத்தில் பாசமும் கொஞ்சம் உண்டு, பெரும்பகுதி பயம். சொன்னால் அவன் கொல்வான், சொல்லாவிட்டால் இவன் அடிப்பான். காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே வீரப்பன் ஆளைத் தீர்த்தார். மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை நடத்திய சித்திரவதைக் கூடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'வொர்க்‌ஷாப்'. இந்தப் பெயரை எங்க பாட்டி சொல்லும்போது குரல் தானாகவே இறங்கும். தடா சட்டத்தில் பிடித்து மைசூர் ஜெயிலில் வருஷக்கணக்கில் போட்டவர்களில் பெரும்பாலானவர்களை 2001ல் கோர்ட் விடுதலை செய்தது. சதாசிவா குழு விசாரித்த பிறகு தேசிய மனித உரிமை ஆணையம் 2007ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20ல் வாச்சாத்திக்குள் புகுந்து வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் செய்ததை நான் விவரிக்கப் போவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011ல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்.

மெகாண்டிக்கில் ஒரு கிராமத்தையும் எரிக்கவில்லை. ஏன்? 1889 போலீஸ் நல்லவர்களாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த விவசாயிகளுக்கு ஓட்டு இருந்தது. வெள்ளைக்காரர்கள், புராட்டஸ்டண்டுகள். மாண்ட்ரியலில் அவர்களைப் போலவே பெயர் வைத்த ஸ்காட்டிஷ் முதலாளிகள் ரயில்வேயும் பாங்க்கும் நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய பத்திரிகை ஒன்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. இதே மெர்சியே காலத்துக்கு மூணு வருஷம் முன்னால், 1885ல், மேற்கே மெட்டி மக்கள் எழுந்தபோது மத்திய அரசு ராணுவத்தை அனுப்பியது, லூயி ரியலைத் தூக்கில் போட்டது. ஒளிந்தவனைத் தேடுகிற சாக்கில் ஒரு ஊரை என்ன செய்யலாம் என்பது அந்த ஊர் யாருடையது என்பதைப் பொறுத்தது. வாச்சாத்தி மலைவாழ் மக்களின் ஊர்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மெய்ன் எல்லை மோரிசனுக்கு ஒரு நாள் நடை. தாண்டியிருந்தால் அவர் பழகின மேற்குச் சீமைக்கே போய் வேறு பெயரில் மாடு மேய்த்திருக்கலாம். விஸ்கி போகிற பாதையெல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான். அவர் போகவில்லை. வயசான அப்பா அம்மா பண்ணை போய்ச் சின்ன மரக்குடிசையில் இருந்தார்கள். மறுபடி மறுபடி அங்கேதான் வந்தார்.

1889 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. பேச்சுவார்த்தைக்காகத் தற்காலிகச் சமாதானம் என்று மோரிசன் தரப்பு நம்பிக்கொண்டிருந்த நேரம். பெற்றோர் குடிசைக்கு வந்துவிட்டு வெளியே வந்தபோது, மறைந்திருந்த மாண்ட்ரியல் கான்ஸ்டபிள் மக்மகோனும், பூர்வகுடி வம்சாவளி வேட்டைக்காரர் பீட் லெரோயரும் சுட்டார்கள். இடுப்பில் குண்டு. சமாதானம் முடிந்துவிட்டது என்று ஒரு தரப்பு, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று இன்னொரு தரப்பு. நூறு வருஷத்துக்கு மேல் அந்த வாதம் ஓடியது.

அக்டோபரில் ஷெர்புரூக்கில் விசாரணை. கொலை இல்லை, உத்தேசமில்லாத மரணம் என்று ஜூரி சொன்னது. அப்படியும் 18 வருஷம் கடுங்காவல். லவாலில் இருக்கிற சென்-வின்சென்-டி-போல் ஜெயிலில் போட்டார்கள். காசநோய் பிடித்துக்கொண்டது. விடுதலை செய்யச் சொல்லி மனு மேல் மனு போனது. 1894 ஜூன் 19ல் விட்டார்கள். ஜெயிலிலிருந்து நேராக ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில மணி நேரத்தில் செத்துப்போனார். சுதந்திர மனுஷனாக அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு நாளின் மிச்சம்தான். மலைச் சரிவில் இருக்கிற அந்தப் பழைய கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆஸ்பத்திரி 2015ல் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

உடம்பை ரயிலில் ஏற்றி மெகாண்டிக் பக்கம் கொண்டுபோய் கிஸ்லா இடுகாட்டில் புதைத்தார்கள். கல்லறை இன்றைக்கும் இருக்கிறது. அதைச் சுற்றி மெக்லியோட், மெக்டொனால்ட், மோரிசன் என்று வரிசையாகப் பெயர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மாண்ட்ரியலுக்கும் அமெரிக்காவுக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். பத்து மாசம் ஒரு ஆளை ஒளித்துவைத்த அந்த மொழியில் இப்போது அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஊர்களில் பிரெஞ்சு, கல்லறைகளில் இங்கிலீஷ்.